கடலூரின் மைனஸ் உயரம்

எங்கள் குன்னூரில் யாரிடம் வழி கேட்டாலும் "மேலே போங்க" என்பார்கள், இல்லாவிட்டால் "கீழே இறங்குங்க" என்பார்கள். கடலூர் பேருந்து நிலையத்தில் இறங்கி லாட்ஜுக்கு வழி கேட்டபோது பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா, "நேரா போயி, திரும்பி, மறுபடியும் நேரா போம்மா" என்றார். பாலத்தில் ஏறினால்தான் ஏற்றம் என்று ஒன்று தெரிந்தது. மூட்டுவலிக்காரியான என் அம்மாவை இங்கேயே குடிவைத்துவிடலாம் என்று நினைத்தேன். ஊரே தோசைக்கல் மாதிரி தட்டை. அந்த நினைப்பு மூன்றாம் நாள் ஒரு மனிதரின் தலைவரை வந்துவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் வேலை ட்ரோன் பறக்கும் வழியைத் திட்டமிடுவது. பறக்கவிடுவதும் நான்தான், ஆனால் அது கடைசி அரை மணி நேரம். அதற்கு முன்னால் இரண்டு மூன்று நாள் இடத்தை அளப்பேன், கணக்குப் போடுவேன், பிறகு லேப்டாப்புக்குள் பொய்யாகப் பறக்கவிட்டுப் பார்ப்பேன். சிமுலேஷன் என்பது அதுதான். எங்கேயாவது மோதப்போகிறது என்றால் லேப்டாப்புக்குள்ளேயே மோதித் தொலையட்டும் என்பதற்காக.

இந்தத் தடவை வேலை சிதம்பரத்துக்குக் கிழக்கே. உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு, அதில் ஒரு மீனவர் குப்பம். ஒவ்வொரு புயலுக்கும் மின்கம்பங்கள் சாய்ந்து, நாள் கணக்கில் இருட்டில் கிடக்கும் ஊர். இப்போது கழியின் இரு கரையிலும் உயரமான டவர் போட்டாயிற்று. நடுவே கம்பி இழுக்க வேண்டும். கழி நெடுகச் சுரபுன்னைக் காடு, படகில் கயிறு இழுத்தால் கிளையில் சிக்கும். அதனால் ட்ரோன் ஒரு மெல்லிய நைலான் கயிற்றைக் குப்பத்துப் பக்கமிருந்து தூக்கிக்கொண்டு போய், அக்கரை டவரின் உச்சியைத் தாண்ட வேண்டும். உச்சியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கயிறு டவரின் மேல் படிந்ததும் பிடித்து ரோலரில் மாட்டுவார். அந்த மெல்லிய கயிற்றைக் கொண்டு தடித்த கயிறு, தடித்த கயிற்றைக் கொண்டு கம்பி.

ட்ரோன் அந்த உச்சிக்கு மேலே ஆறு மீட்டர் விட்டுப் போக வேண்டும். அதற்காகத்தான் குன்னூரிலிருந்து என்னை வரவழைத்திருந்தார்கள்.

ஒப்பந்தக்காரரின் சைட் இன்ஜினியர் இளங்கோ என்னை லாட்ஜில் வந்து பார்த்தார். குறிஞ்சிப்பாடிக்காரர், முப்பது வயதிருக்கும், பேசும்போது கையில் ஒரு பேனாவைத் திறந்து திறந்து மூடுவார். முதலில் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். துறைமுகத்துப் பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் சங்கரா மீன் குழம்பு. மலையில் எங்களுக்கு மீன் ஐஸ் பெட்டியில் ஏறி வந்து சேர்வதற்குள் அதன் ருசி பாதி வழியிலேயே இறங்கிவிடும். இங்கே மூன்றாம் தடவை சோறு கேட்டபோது பரிமாறுபவர் என்னை மரியாதையாகப் பார்த்தார்.

மாலையில் கருவிகளைச் சரிபார்க்கத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். சுண்டல், பஜ்ஜி, குதிரைச் சவாரி, செல்பி எல்லாவற்றுக்கும் நடுவே நான் முக்காலியை ஊன்றி அதன்மேல் ஜி.பி.எஸ். கருவியை வைத்தேன். இளங்கோ திரையை எட்டிப் பார்த்தார்.

"மேடம், இது ரிப்பேரா?"

"ஏன்?"

"மைனஸ் எம்பத்தொம்போதுன்னு காட்டுது. நாம இன்னா கடலுக்கு அடியிலயா நிக்கிறோம்?"

பக்கத்தில் சுண்டல் தின்றுகொண்டிருந்த பெரியவர் காதில் இது விழுந்துவிட்டது. "போன வெள்ளத்துக்கே இடுப்பளவுதான் சார் வந்துச்சி. எம்பத்தொம்போதா?" என்று இளங்கோவிடம் சொல்லிவிட்டுத் தன் மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

கருவி ரிப்பேர் இல்லை. செயற்கைக்கோள் உயரம் சொல்ல வேண்டுமானால் எங்கிருந்தாவது எண்ணத் தொடங்க வேண்டும். அதற்காகப் பூமியை ஒரு வழவழப்பான உருண்டையாக வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். நிஜப் பூமி அப்படி இல்லை. நம் பக்கத்துக் கடல் அந்தக் கணக்கு உருண்டைக்குத் தொண்ணூறு மீட்டர் கீழே பள்ளமாக இருக்கிறது. ஆகவே கரையில் காலை நனைத்துக்கொண்டு நின்றாலும் மைனஸ்தான். கடல்மட்டத்திலிருந்து எண்ணினால் வேறு உயரம் வரும். ட்ரோன் கிளம்பிய தரையிலிருந்து எண்ணினால் இன்னொன்று. ஒரே இடத்துக்கு மூன்று உயரம். எதிலிருந்து எண்ணுகிறோம் என்று சொல்லாமல் உயரம் சொல்வது, ஊர் பெயர் இல்லாமல் கதவு எண் மட்டும் சொல்வதைப் போன்றது.

இளங்கோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பேனா திறந்து மூடியது.

"புரியுது மேடம். ஆனா அன்னைக்கு அதிகாரிங்க வருவாங்க. மைனஸ்னு ஒன்ன பாத்தாங்கன்னா அதுலயே நின்னுடுவாங்க. போன தடவ ஒரு பாரத்துல இப்டித்தான் மைனஸ் போட்டு, பைலே திரும்பி வந்துச்சி. அத திரையில வராம பண்ண முடியாதா?"

முடியும். இரண்டு தட்டு. வருகிற ஒவ்வொருவருக்கும் பூமி உருண்டையை விளக்கிக்கொண்டிருக்க எனக்கும் பொறுமை இல்லை. மைனஸ் எண்ணை மறைத்துவிட்டு, கிளம்பிய தரையிலிருந்து எண்ணும் உயரத்தை மட்டும் பெரிய எழுத்தில் வைத்தேன். எல்லாருக்கும் பிடித்த எண் அது. பூச்சியத்தில் தொடங்கி ஏறும்.

மறுநாள் காலை சிதம்பரத்துக்குக் கிளம்பினோம். பாதி வழியில் வேன் பெருமூச்சு விட்டு நின்றது. ஓட்டுநர் பானெட்டைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடி, மறுபடியும் திறந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ட்ரோன் பேட்டரிகள் சூடாகக் கூடாது. கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி, ட்ரோன் பெட்டியைக் கூரைமேல் கட்டி, பேட்டரிப் பெட்டியை என் மடியில் வைத்துக்கொண்டேன். ஏற்கெனவே ஆறு பேர் இருந்த வண்டியில் நாங்கள் எட்டானோம். எங்கள் மலைப்பாதையில் இப்படி ஏற்றினால் முதல் வளைவிலேயே கணக்கு முடிந்துவிடும்.

"இன்னாம்மா அது, குழந்தை மாதிரி புடிச்சிக்கினு வர்ற?" என்றார் எதிரே மீன் கூடையோடு இருந்த பெண்.

"கரண்டு கம்பி இழுக்குற மிசினுக்கு பேட்டரி" என்றார் இளங்கோ.

"கரண்டு இழுக்குறதுக்கே கரண்டா?" என்று கேட்டுவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சிதம்பரம் வரைக்கும் பெட்டியைத் தொட்டுத் தொட்டுச் சூடு பார்த்தபடி வந்தேன்.

சிதம்பரத்தில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும். சட்னி, சாம்பார் எதையும் தொடாமல் கொத்சிலேயே நாலு இட்லி இறங்கியது. அங்கேதான் சேகரைச் சந்தித்தேன். தனசேகர், வடலூர்ப் பக்கம், நாற்பதைத் தாண்டியவர், இருபது வருஷமாக டவர் ஏறுகிறவர். அக்கரை டவரின் உச்சியில் உட்காரப்போவது இவர்தான். இளங்கோவின் அக்கா கணவர் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"மாமாதான் வேணும்னு நான்தான் கேட்டு வாங்கினேன்" என்றார் இளங்கோ. "இவுரு கை பட்டா கயிறு தப்பாது."

சேகர் அதிகம் பேசவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்தவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "மேடம், உங்க மிசினு ஆளப் பாக்குமா?"

பார்க்காது என்றேன். பார்க்கும் சென்சார் அதில் உண்டு, ஆனால் கயிறு கட்டினால் அதை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தன் கயிற்றையே தடை என்று நினைத்து நடுவானத்தில் நின்றுவிடும். நான் சொன்ன உயரத்தில், சொன்ன வழியில் அது போகும். அவ்வளவுதான்.

"அப்ப நீங்க கரெக்டா சொல்லிட்டா போதும்" என்றார்.

படகில் கழியைக் கடந்து குப்பத்துக்குப் போய் அளந்தோம். குப்பத்தின் ஓரத்தில், புயல் அலைக்குத் தடுப்பாகப் போட்ட ஒரு மண்கரை இருந்தது. அதன் உச்சியில் நல்ல தட்டையான இடம், கிளம்புவதற்குத் தோதாக. அக்கரை டவர் வரைபடத்தில் கடல்மட்டத்திலிருந்து எண்ணியிருந்தார்கள். என் கருவி மைனஸில் சொல்லியது. இரண்டையும் மாற்றி, எல்லாவற்றையும் கரையின் உச்சியிலிருந்து எண்ணும் கணக்குக்குக் கொண்டுவந்தேன். கரையிலிருந்து டவர் உச்சி நாற்பத்துமூன்று மீட்டர். ஆறு கூட்டி, நாற்பத்தொன்பதில் பறக்க வேண்டும்.

மாலையில் சிதம்பரம் லாட்ஜில் லேப்டாப்பைத் திறந்தேன். முதல் தடவை ட்ரோன் கிளம்பிய கையோடு பூமிக்குள் புதைந்தது. ஒரு இடத்தில் மைனஸை மாற்றாமல் விட்டிருந்தேன். திருத்தினேன். இரண்டாம் தடவை டவரைத் தாண்டியது. அதன்பின் ஏழு தடவை, காற்றைக் கூட்டி, குறைத்து, பேட்டரியைப் பாதியாக்கி எல்லாம் விட்டுப் பார்த்தேன். சாம்பல் நிறக் கட்டமாக நின்ற டவருக்கு மேலே, ஒவ்வொரு தடவையும் ஆறு மீட்டர் விட்டு, சொன்ன பேச்சைக் கேட்டுப் போனது. எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது. கீழே இறங்கி ஒரு பரோட்டா சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் காலை ஏழரைக்குக் குப்பத்தில் இருந்தோம். பத்து மணிக்கு மேல் கடல் காற்று எழும்பிவிடும், அதற்குள் முடித்தாக வேண்டும். அக்கரையில் சேகர் ஏற ஆரம்பித்திருந்தார். மஞ்சள் தொப்பி மெதுவாக மேலே போவது தெரிந்தது.

மண்கரையில் பெட்டியை இறக்கும்போது குப்பத்துப் பஞ்சாயத்துக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். முன்னால் நின்றவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். கரையின் கோடியில் வேப்பமரத்தடியில் ஒரு சின்ன அம்மன். முந்தின நாள் சாயங்காலம் காப்புக் கட்டியிருக்கிறார்கள்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. கரண்டு எங்களுக்குத்தான் வருது, வேணாம்னு சொல்லுவமா? காப்பு கட்டிட்டா அம்மன் இருக்குற கரைலேர்ந்து எதையும் மேல எழுப்ப மாட்டோம். பசங்களக்கூட பட்டம் வுட வேணாம்னு சொல்லியிருக்கோம். தோ, அந்தக் களத்துலேர்ந்து வுடுங்க. நாப்பது அடிதான்."

அவர் காட்டிய இடம் கழியோரத்தில் மீன் காயவைக்கும் களம். சிமெண்டுத் தரை, சுத்தமாகப் பெருக்கி வைத்திருந்தார்கள். கரையைவிட வசதியாகவே இருந்தது. இளங்கோ என்னைப் பார்த்தார்.

"நாப்பது அடிதான மேடம்?"

நான் வழியைப் பார்த்தேன். பக்கவாட்டில் நாற்பது அடி நகர்ந்தால் கோட்டில் பெரிய மாற்றமில்லை. திரையில் கிளம்பும் இடத்தை இழுத்துக் களத்தில் வைத்தேன். சரி என்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினோம்.

இறங்கினோம் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது இறங்குகிறோம் என்றே என் புத்திக்குத் தோன்றவில்லை. நூறு மீட்டர் ஏறி இறங்கிப் பால் வாங்கும் ஊர்க்காரிக்குப் பத்துப் பதினைந்து எட்டுச் சரிவு கணக்கிலேயே சேராது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

எட்டே முக்காலுக்கு ட்ரோனை எழுப்பினேன். நைலான் கயிறு சுருளிலிருந்து சரசரவென்று அவிழ்ந்தது. குப்பத்துப் பெண்கள் மண்கரையில் வரிசையாக நின்று பார்த்தார்கள். அதிகாரிகள் இரண்டு பேர் எனக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார்கள். பெரிய எழுத்தில் நாற்பத்தொன்பது. ஒருவர் திருப்தியாகத் தலையாட்டினார். இளங்கோ போனை ஸ்பீக்கரில் போட்டுக் கையில் பிடித்திருந்தார், அதில் சேகரின் மூச்சும் காற்றும் கேட்டன.

நொடிக்கு மூன்று மீட்டர் வேகம். கழி நானூறு மீட்டர். ட்ரோன் சுரபுன்னைக் காட்டின் மேல் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் போன பொருள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கீழேயிருந்து கண்ணால் சொல்ல முடியாது. திரையை நம்புவதுதான் வழி. திரை நாற்பத்தொன்பது என்றது.

"மச்சான்" என்றது போன். சேகரின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இது இன்னும் மேல ஏறுமான்னு மேடத்தக் கேளு."

"இல்ல மாமா, அம்புட்டுதான். நாப்பத்தொம்போதுல வருது."

"அப்ப நிறுத்தச் சொல்லு."

"ஏன் மாமா?"

"கடல் கோட்டுமேலயே வருது. எனக்கு நேரா வருது. நிறுத்தச் சொல்லு."

இளங்கோவுக்குப் புரியவில்லை. எனக்கும் உடனே புரியவில்லை. நான் திரையைப் பார்த்தேன். நாற்பத்தொன்பது. எல்லாம் பச்சை. மேலே உட்கார்ந்திருப்பவருக்குப் பயம் வந்துவிட்டது, ட்ரோன் எதிரே வருவது முதல் தடவைதானே என்று நினைத்தேன். இரண்டு விநாடி நான் அவரை நம்பாமல் திரையை நம்பினேன். அந்த இரண்டு விநாடியில் ட்ரோன் அவரை நோக்கி ஆறு மீட்டர் போனது.

பிறகு விரல் தானாகவே நிறுத்தத்தை அழுத்தியது. ட்ரோன் டவருக்கு முப்பது மீட்டர் முன்னால் ஆடிக்கொண்டு நின்றது. மிதக்கும்போது கயிறு பின்னால் இழுத்தது. காற்று லேசாக எழும்ப ஆரம்பித்திருந்தது, கடலிலிருந்து, ட்ரோனை அவர் பக்கம் தள்ளும் காற்று. கயிற்றின் கொக்கியை விடுவித்தேன். கயிறு கழியில் விழுந்தது. ட்ரோனை இருபது மீட்டர் மேலே ஏற்றி, அப்புறம்தான் திருப்பினேன். அது களத்தில் இறங்கி, இறக்கைகள் நின்றன. கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்தேன்.

அப்போதுதான் நிமிர்ந்தேன். கரையில் நின்ற பெண்களின் கால்கள் என் தலைக்கு மேலே இருந்தன.

மைனஸ் எண்ணைத் திரும்பத் திரைக்குக் கொண்டுவந்து பார்த்தேன். களம் கரையைவிட நான்கு மீட்டர் பள்ளம். நான் எண்ணிய நாற்பத்தொன்பதும் அந்தப் பள்ளத்திலிருந்துதான் தொடங்கியது. ஆறு மீட்டர் இடைவெளி இரண்டாகிவிட்டது. என் திரையில், கிளம்பும் இடம் எங்கே நகர்ந்தாலும் நகராத எண் அந்த ஒன்றுதான். அது கண்ணெதிரே இருந்திருந்தால் பாதிக் கழியிலேயே கத்தியிருப்பேன். பார்ப்பவர்கள் சங்கடப்படக்கூடாது என்று நான்தான் அதை மறைத்து வைத்திருந்தேன்.

இளங்கோ களத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "அக்காவுக்கு நான் இன்னா பதில் சொல்லியிருப்பேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், காத்து ஜாஸ்தியாயிடுச்சின்னு எழுதிடலாம். காத்து வந்துச்சில்ல, பொய்யில்ல."

ஆசையாகத்தான் இருந்தது. காற்று என்று எழுதினால் யார் மேலும் பழி வராது. கழிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் தொப்பி ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தது. காற்று என்று எழுதிய தாளில் அவரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். நான் படகைக் கூப்பிட்டேன்.

சேகர் டவரின் நிழலில் எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தார். வள்ளலார் வழியில் வந்த வீடு, மீன் நாற்றம் பழகினாலும் மீன் தொடுவதில்லை. என்னைப் பார்த்ததும் பொட்டலத்தை நகர்த்தி இடம் விட்டார். நான் உட்காரவில்லை.

"தப்பு என்னோடது சேகர் சார். களம் பள்ளம். கரைக்குப் போட்ட கணக்கை அப்படியே வச்சு களத்துலேர்ந்து விட்டுட்டேன். காத்து இல்லை."

"எவ்ளோ பள்ளம்?"

"நாலு மீட்டர்."

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடல் கோடு என்றால் என்ன என்று கேட்டேன். உயரத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்தால், வானமும் தண்ணீரும் சேருகிற கோடு எப்போதும் தன் கண் மட்டத்தில்தான் இருக்கும் என்றார். எத்தனை உயரம் ஏறினாலும் அந்தக் கோடும் கூடவே ஏறும். கோட்டுக்கு மேலே தெரிவது தன்னைவிட உயரம், கீழே தெரிவது தாழ்வு. கொக்கு வந்தாலும் காக்கா வந்தாலும் அதைப் பார்த்துத்தான் குனியலாமா வேண்டாமா என்று முடிவு செய்வாராம். "கோட்டுலயே ஒன்னு பெருசாயிக்கினே வந்தா, அது நம்ம மேலதான் வருதுன்னு அர்த்தம்."

லேப்டாப்பைத் திறந்து சிமுலேஷனைக் காட்டினேன். கிளம்பும் இடத்தைக் களத்துக்கு மாற்றி, அதன் நிஜ உயரத்தைக் கொடுத்து, காலையில் நடந்ததை அப்படியே ஓடவிட்டேன். ட்ரோன் கழியைக் கடந்து, சாம்பல் கட்டத்தின் உச்சிக்கு இரண்டு மீட்டர் மேலே உரசுகிறாற்போல் தாண்டிப் போனது.

"தாண்டிடுச்சே" என்றார் பின்னால் வந்து நின்ற இளங்கோ. அவர் குரலில் ஓர் ஆறுதல் தெரிந்தது.

சேகர் கையைத் துடைத்துக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தார். சாம்பல் கட்டத்தை உற்றுப் பார்த்தார்.

"இது டவரு."

"ஆமாம்."

"இதுல நான் எங்க இருக்கேன்?"

ஒன்பது தடவை பறக்கவிட்டிருந்தேன். காற்று போட்டிருந்தேன், பேட்டரி போட்டிருந்தேன், கயிற்றின் எடை போட்டிருந்தேன். டவர் நாற்பத்துமூன்று மீட்டரில் முடிந்துவிட்டது. அதன்மேல் யாரும் இல்லை.

"போடலை" என்றேன்.

அவர் எழுந்து டவரின் கால் சட்டத்தில் முதுகைச் சாய்த்து நின்றார். பூட்ஸ், தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு, கயிறு பிடிக்கும் கையை மேலே தூக்கினார். "அளந்துக்குங்க."

இளங்கோதான் டேப்பைப் பிடித்தார். பூட்ஸ் அடியிலிருந்து விரல் நுனிவரை இரண்டேகால் மீட்டர். டவர் உச்சிக்கு மேலே ட்ரோன் வந்திருக்கும் உயரம் இரண்டு. யாரும் கூட்டிக் கழிக்க வேண்டியிருக்கவில்லை. இளங்கோ டேப்பைச் சுருட்டாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

அறிக்கையில் கிளம்பும் இடம் மாறியதையும் உயரத்தைச் சரிபார்க்காதது நான் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிகாரிகளில் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "மைனஸ்னு ஏதோ இருக்கே?" என்றார். இளங்கோவே அவருக்குப் பூமி உருண்டையை விளக்கினார். கடற்கரையில் நான் சொன்னதைவிட நன்றாகச் சொன்னார்.

சேகர் நாளைக்கே மறுபடி ஏறுகிறேன் என்றார். வேறு ஆளைப் போடலாம் என்று நான் சொன்னதற்கு, "வேற ஆளுன்னா வேற அளவு எடுக்கணுமே மேடம்" என்றார். அன்று சாயங்காலம் லாட்ஜில் டவரின் உச்சியில் இரண்டேகால் மீட்டர் உயரத்துக்கு ஒரு கட்டம் வைத்தேன். அந்தக் கட்டத்துக்கு மேலே ஆறு மீட்டர் விட்டு வழி போட்டேன். கிளம்பும் இடம் களம், அதற்குக் களத்தின் உயரம். ஒவ்வொரு தடவை ட்ரோன் அந்தக் கட்டத்தை நெருங்கும்போதும் நிறுத்தி, இடைவெளியை அளந்து பார்த்தேன். அன்று சாப்பிடவே தோன்றவில்லை.

நான்காம் நாள் அதே எட்டே முக்கால். கரையில் அம்மனுக்கு மஞ்சள் துணி சுற்றியிருந்தார்கள். களத்தில் திரையைத் திறந்து வைத்து, மைனஸ் எண்ணைத்தான் பெரிதாக வைத்தேன். நான் போட்ட பறக்கும் உயரம் அந்தக் கணக்கில் மைனஸ் முப்பத்தைந்து. ட்ரோன் போகும் வழியெல்லாம் இளங்கோ அதைப் போனில் மாமாவுக்குப் படித்துக்கொண்டே இருந்தார். "மைனஸ் முப்பத்தஞ்சு மாமா. முப்பத்தஞ்சு. முப்பத்தஞ்சு." பின்னால் யாரும் சிரிக்கவில்லை. கழியின் நடுவில் நான் ட்ரோனை நிறுத்தினேன்.

"சேகர் சார், சொல்லுங்க. வரலாமா?"

போனில் அவர் இடுப்புக் கொக்கியை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"வாங்க" என்றார்.

ட்ரோன் மஞ்சள் தொப்பிக்கு மேலே போனது. பின்னால் தொய்ந்து வந்த கயிறு டவரின் மேல் மெல்லப் படிந்தது. அவர் எழுந்து நின்று, கையைத் தூக்கி, அதைப் பிடித்து ரோலரில் மாட்டினார். குப்பத்துக் கரையில் குலவைச் சத்தம் எழுந்தது. இளங்கோ என் இரு கையையும் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். ட்ரோனை இறக்கிவிட்டு நான் மறுபடி அக்கரையைப் பார்த்தேன். மஞ்சள் தொப்பி உச்சியிலேயே இருந்தது. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. இறங்கவில்லை.

"மாமா, வேலை முடிஞ்சிதே, எறங்கலாமே" என்றார் இளங்கோ போனில்.

"எறங்குறேன்டா மச்சான். காலு நடுங்குது. நேத்து வரல, இப்ப வருது. கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரேன்."

இளங்கோ போனை என்னிடம் நீட்டினார். வாங்கிக் காதில் வைத்தபடியே படகுக்குக் கை காட்டினேன். அக்கரையில் இறங்கி டவரின் அடியில் போய் நின்றேன். அவர் ஒரு படி இறங்கி, நின்று, மறுபடி ஒரு படி இறங்கினார். கழுத்து வலித்தது. அவருடைய பூட்ஸ் மண்ணைத் தொடும்வரை நான் தலையைத் தாழ்த்தவில்லை.